பல் சிகிச்சை பற்றிய அச்சமும் அதை வெல்லும் வழியும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

கிராம வளர்ச்சி என்றதும் சாலை, குடிநீர்த் தொட்டி, பள்ளிக் கட்டடம், தெருவிளக்கு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை கண்ணால் காணக்கூடியவை, கணக்கில் எழுதக்கூடியவை. ஆனால் இவற்றை அனுபவிக்க வேண்டிய மக்கள் நோயின்றி வாழ்ந்தால்தான் இவற்றால் பயன் உண்டு. உடல் நலத்தைப் பற்றிப் பேசும்போதும் கண்ணையும், இருதயத்தையும், சர்க்கரை நோயையும் பற்றிப் பேசுகிறோமே தவிர, வாயையும் பல்லையும் பற்றி அதிகம் பேசுவதில்லை. உலகெங்கும் சுமார் 350 கோடி மக்கள் வாய் நோய்களால் துன்புறுகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இந்நோய்களுள் பெரும்பாலானவை வராமல் தடுக்கக் கூடியவை. வந்தாலும் தொடக்கத்திலேயே எளிதில் தீர்க்கக் கூடியவை. அப்படியிருந்தும் மக்கள் பல் வைத்தியரிடம் ஏன் செல்வதில்லை? பணமின்மை, நேரமின்மை ஆகிய காரணங்களோடு, வெளியில் சொல்லப்படாத காரணம் ஒன்றும் உண்டு. அதுதான் அச்சம்.

திருப்பூர் மாவட்டம் 2009ஆம் ஆண்டில் தனி மாவட்டமாக அமைந்தது. பனியன் தொழிலும், சாயத் தொழிலும், பல்லடம் பகுதியின் விசைத்தறிகளும், காங்கயம், தாராபுரம், உடுமலைப் பகுதிகளின் வேளாண்மையும் கால்நடையும் இங்கு அருகருகே வாழ்கின்றன. உழைப்புக்கு அஞ்சாத மக்கள் என்று இப்பகுதியினரை எவரும் கூறுவர். பாம்பு நடமாடும் தோட்டத்தில் இரவில் தண்ணீர் பாய்ச்சச் செல்பவரும், இரவெல்லாம் விழித்துத் தறி ஓட்டுபவரும் இவர்களே. ஆயினும் எமது ஒன்றியத்தில் நடந்த ஒரு மருத்துவ முகாமில், கண் பரிசோதனைக்கும் சர்க்கரைப் பரிசோதனைக்கும் நீண்ட வரிசை நின்றிருக்க, பல் வைத்தியரின் முன்னால் இருந்த நாற்காலி நெடுநேரம் காலியாகவே கிடந்தது. கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றிருந்த ஓர் அம்மையாரை அழைத்துக் கேட்டபோது, “வலி பழகிப் போச்சுங்க, அந்த ஊசியை நெனைச்சாத்தான் கை காலெல்லாம் நடுங்குதுங்க” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கியுள்ளது எனலாம்.

அச்சம் என்னும் சுழல்

பல் சிகிச்சைக்கு அஞ்சுவது கோழைத்தனம் அன்று. உலகின் எல்லா நாடுகளிலும், கற்றவரிடத்தும் கல்லாதவரிடத்தும் இது காணப்படுகிறது. மருத்துவ உலகம் இதனைத் தனியே ஆராய்ந்து வருகிறது. சுவீடன் நாட்டின் கோட்டன்பர்க் நகரைச் சேர்ந்த உல்ஃப் பெர்க்ரென் என்னும் ஆய்வாளர், இவ்வச்சம் ஒரு சுழலைப் போன்றது என்று 1984ஆம் ஆண்டில் விளக்கினார். அஞ்சுபவர் பல் வைத்தியரிடம் செல்லாது ஒதுங்குகிறார். ஒதுங்குவதால் சிறு சொத்தை பெருஞ்சொத்தையாகிறது. வாயின் நிலை கெடக் கெட, அதைப் பிறரிடம் காட்ட வெட்கம் உண்டாகிறது. வெட்கம் மேலும் ஒதுங்கச் செய்கிறது. இறுதியில் வலி பொறுக்க மாட்டாமல் சிகிச்சைக்குச் செல்லும்போது, எளிய சிகிச்சைக்குரிய காலம் கடந்திருக்கும். அப்போது ஏற்படும் துன்பம், முன்பு கொண்ட அச்சம் சரியே என்று அவரை நம்பச் செய்கிறது.

இச்சுழலில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. பல்லின் அடியில் சீழ் கட்டியுள்ள இடத்தில், வலி தெரியாமல் இருக்கப் போடும் ஊசி மருந்து முழு வேகத்துடன் வேலை செய்வதில்லை. சீழின் அமிலத்தன்மை மருந்தின் ஆற்றலைக் குறைத்துவிடுகிறது. எனவேதான் சில சமயங்களில் வைத்தியர் முதலில் சீழை வெளியேற்றியோ மாத்திரை கொடுத்தோ, பின்னர் ஒரு நாள் வரச் சொல்கிறார். “ஊசி போட்டும் வலித்தது” என்று ஊரில் சொல்லப்படும் கதைகளுள் பல, காலம் கடந்து சென்றவர்களின் கதைகளே. ஆகவே, வலிக்கு அஞ்சித் தள்ளிப்போடுவதுதான் வலியை வரவழைக்கும் வழி. வயலில் களை சிறிதாயிருக்கும்போது கையால் கிள்ளி எறியலாம்; முற்றிய பின் மண்வெட்டி வேண்டியிருக்கும்.

நம் பகுதியில் அச்சம் வளர்ந்த விதம்

வாரச் சந்தைகளில் துணி விரித்து, பிடுங்கிய பற்களைக் குவித்து வைத்து, குறடு கொண்டு பல் எடுத்தவர்களைக் கண்ட முதியோர் இன்றும் உள்ளனர். மரத்துப் போகச் செய்யும் மருந்தின்றிச் செய்யப்பட்ட அச்செயலின் கொடுமை, கதையாகப் பேரன் பேத்திகள் வரை வந்து சேர்ந்துள்ளது. பல் வைத்தியத் தொழிலை ஒழுங்குபடுத்தும் பல் மருத்துவர் சட்டம் நம் நாட்டில் 1948ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953ஆம் ஆண்டில்தான் தோன்றியது. எனவே, முறையாகப் பயின்ற பல் வைத்தியர் கிராமத்தை எட்டுமுன்னே அச்சம் எட்டிவிட்டது எனலாம்.

இரண்டாவது காரணம் குழந்தைகளை நாம் வளர்க்கும் முறை. “அடம் பிடித்தால் டாக்டரிடம் கூட்டிச் சென்று ஊசி போடச் சொல்வேன்” என்று பயமுறுத்தாத வீடு அரிது. அவ்வாறு வளர்ந்த குழந்தை, பெரியவரான பின்னும் வைத்தியரைத் தண்டனை கொடுப்பவராகவே கருதும்.

மூன்றாவது காரணம் தொழில் சார்ந்தது. பனியன் நிறுவனங்களில் பீஸ் ரேட்டுக்கும் ஒன்றரை ஷிப்டுக்கும் உழைப்பவர்களுக்கு, ஒரு நாள் வேலை போனால் அந்த வாரச் சம்பளம் குறையும். ஆகவே கிராம்பு, உப்பு நீர், கடையில் வாங்கிய வலி மாத்திரை ஆகியவற்றைக் கொண்டு நாளை ஓட்டுகின்றனர். “சீசன் முடியட்டும்” என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. உள்ளே ஒளிந்திருப்பது பயம். தையல் மேசையிலும் பிசிறு வெட்டும் இடத்திலும் கத்தரிக்கோலை எடுக்க நேரமின்றிப் பல்லால் நூலைக் கடித்து அறுப்பவர்கள் உண்டு. பல ஆண்டுகள் இவ்வாறு செய்தால் முன்பல்லின் நுனியில் பள்ளம் விழும், கூச்சம் உண்டாகும். தேநீர் இடைவேளைதோறும் சர்க்கரை சேர்ந்த தேநீரும் பன்னும் உண்பது சொத்தையை வளர்க்கும். பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்து உழைப்போர்க்கு மொழி தெரியாமை மற்றோர் அச்சம். தன் வலியை எந்தச் சொல்லால் சொல்வது என்று அறியாதவர் வைத்தியசாலையின் வாயிற்படி ஏறத் தயங்குவது இயற்கையே.

தவறான நம்பிக்கைகளும் உண்மை நிலையும்

அச்சத்துக்கு நீர் ஊற்றி வளர்ப்பவை சில நம்பிக்கைகள். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பது நம் கிராமங்களில் மிகப் பரவலான நம்பிக்கை. இதில் உண்மை இல்லை. மேல் பற்களுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு. கண்ணுக்குப் பார்வை தரும் நரம்பு வேறு. இரண்டும் மூளையிலிருந்து தனித்தனியே புறப்பட்டுத் தனித்தனி வழியில் செல்கின்றன. முதுமையில் பற்கள் விழும் பருவமும், கண்ணில் புரை வளரும் பருவமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருவதால், ஒன்றினால் மற்றொன்று ஏற்பட்டது என்று மக்கள் எண்ணிவிட்டனர் போலும். பல் எடுக்காதவர்க்கும் கண் புரை வருகிறது அல்லவா?

பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடத் தொடங்கும் என்பது அடுத்த நம்பிக்கை. பல் ஈறுகளைச் சுற்றிக் கல்போல் படியும் காரை, ஈற்றையும் அதன் கீழுள்ள எலும்பையும் அரித்துவிடுகிறது. எலும்பை இழந்த பல்லைக் காரையே முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கும். காரையை அகற்றியதும், முன்பே தளர்ந்திருந்த பல்லின் ஆட்டம் வெளியே தெரிகிறது. குற்றம் சுத்தம் செய்ததில் இல்லை. பல ஆண்டுகள் செய்யாது விட்டதில்தான் இருக்கிறது.

பல்லில் புழு இருக்கிறது. கண்டங்கத்திரி விதையைப் புகைத்தால் அது விழுந்துவிடும் என்று நம்புவோர் இன்றும் உளர். சொத்தையைக் குடைவது புழு அன்று. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் நாம் உண்ணும் இனிப்பிலிருந்து உண்டாக்கும் அமிலமே பல்லைக் கரைக்கிறது. புகை பிடித்தபின் புழு என்று காட்டப்படுவது பல்லினுள் இருந்தது அன்று. அதனால் சொத்தையின் குழி மூடுவதுமில்லை.

வலிக்கும் பல்லின்மீது புகையிலையையோ மூக்குப் பொடியையோ அடக்கிக்கொள்வதும், வலி மாத்திரையைப் பொடித்து ஈற்றில் வைப்பதும் பெருந்தீங்கு. மாத்திரை ஈற்றைப் பொசுக்கிப் புண்ணாக்கும். புகையிலையோ வாய்ப் புற்றுநோய்க்கு வழி வகுக்கும்.

கர்ப்பிணிகள் பல் சிகிச்சையே செய்துகொள்ளலாகாது என்பதும் தவறு. நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை உள்ள காலம் சாதாரண சிகிச்சைக்கு ஏற்றது. வீக்கமும் சீழும் இருந்தால் எந்த மாதமாயினும் காத்திருக்கக் கூடாது. கர்ப்பமாக இருப்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வலியை வென்ற வரலாறு

பல் வலிக்கும் மயக்க மருந்துக்கும் உள்ள உறவு சுவையானது. நோயாளியை வலியின்றி வைத்து அறுவைச் சிகிச்சை செய்யும் முறையை உலகுக்குக் காட்டியவர்களுள் முன்னின்றவர்கள் பல் வைத்தியர்களே. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹோரஸ் வெல்ஸ் என்னும் பல் வைத்தியர் 1844ஆம் ஆண்டில் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் சுவாசித்துத் தம் பல்லையே எடுக்கச் செய்து சோதித்தார். அவரிடம் பழகிய மற்றொரு பல் வைத்தியரான வில்லியம் மார்ட்டன், 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பாஸ்டன் நகரில் ஈதரின் ஆற்றலைப் பலரறியக் காட்டினார். பின்னர், உடல் முழுவதையும் மயக்காமல் குறிப்பிட்ட இடத்தை மட்டும் மரத்துப் போகச் செய்யும் மருந்துகள் வந்தன. இன்று பல் வைத்தியர்கள் பெரிதும் பயன்படுத்தும் லிக்னோகெயின் என்னும் மருந்து 1943ஆம் ஆண்டில் சுவீடனில் உருவாக்கப்பட்டது. காலால் மிதித்து இயக்கிய பழைய துளைக்கருவியின் இடத்தில், காற்றின் விசையால் மிக விரைவாகச் சுழலும் கருவி 1957ஆம் ஆண்டு முதல் பரவியது. எனவே நம் பாட்டனார் கண்ட பல் வைத்தியம் வேறு. இன்றைய பல் வைத்தியம் வேறு.

நாற்காலியில் அமர்ந்தபின் நிகழ்வது என்ன?

அறியாதது அச்சுறுத்தும், அறிந்தது அவ்வளவு அச்சுறுத்தாது. ஆகவே நடப்பது இன்னதென முன்கூட்டியே தெரிந்துகொள்வது நலம்.

வைத்தியர் முதலில் வாயைச் சிறு கண்ணாடி கொண்டு பார்ப்பார். தேவையெனில் எக்ஸ்ரே எடுப்பார். இவற்றால் வலி இல்லை. முதல் நாளே பல்லைப் பிடுங்கிவிடுவார் என்று எண்ண வேண்டியதில்லை. சொத்தை சிறிதாயின், அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து அடைப்பதோடு வேலை முடியும். பெரும்பாலும் ஒரே அமர்வு போதும். சொத்தை பல்லின் நரம்பை எட்டியிருந்தால் வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றலாம். இதற்குச் சில அமர்வுகள் தேவைப்படலாம். காப்பாற்ற முடியாத பல்லை மட்டுமே எடுக்க நேரும்.

மரத்துப் போகும் ஊசியை நம் மக்கள் ‘மயக்க ஊசி’ என்று கூறுவதால், நினைவு தப்பிவிடுமோ, எழாமல் போய்விடுவோமோ என்று அஞ்சுகின்றனர். அந்த ஊசியால் நினைவு தப்பாது. பல்லும் உதடும் சிறிது நேரம் மரத்துப் போகும், அவ்வளவே. ஊசி குத்தும் இடத்தில் முதலில் களிம்பு தடவி மரக்கச் செய்வதும் உண்டு. மருந்தோடு சேர்ந்த அட்ரினலின் காரணமாகச் சிலருக்குச் சில நிமிடங்கள் நெஞ்சு படபடக்கலாம். அது தானே அடங்கிவிடும். மரத்த பின்னும், பல்லை அசைக்கும் அழுத்தம் தெரியும், வலி தெரியாது. அழுத்தம் வேறு, வலி வேறு என்பதை முன்பே அறிந்திருப்பவர் திடுக்கிட மாட்டார். வலி தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். வைத்தியர் மேலும் மருந்து செலுத்துவார். உணர்ச்சி திரும்ப இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை உதட்டையும் கன்னத்தையும் கடித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். குழந்தைகளிடம் இது முக்கியம்.

பல் எடுத்தபின் வைத்த பஞ்சை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கடித்திருக்க வேண்டும். அன்று அடிக்கடி துப்பக் கூடாது. சூடான பானம் கூடாது. பீடி, சிகரெட், புகையிலை அறவே கூடாது. இவற்றை மீறினால் குழியில் உறைந்த இரத்தம் கலைந்து, சில நாள் கடும் வலி உண்டாகும். அந்த வலியும் பிறகு ஊரில் ஒரு பயக்கதையாகப் பரவும்.

அஞ்சுபவர் செய்யத் தக்கவை

முதலாவதாக, தம் அச்சத்தை வைத்தியரிடம் நாற்காலியில் அமருமுன்பே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். “எனக்குப் பயமாக இருக்கிறது, மெல்லச் செய்யுங்கள்” என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அச்சத்தின் அளவை அறிய ஐந்து கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை 1995ஆம் ஆண்டு முதல் மருத்துவர்கள் பயன்படுத்தி வருகின்றனர். நாளை சிகிச்சை என்றால் எப்படி இருக்கும், காத்திருக்கும் அறையில் எப்படி இருக்கும், பல்லைத் துளையிடும்போது, சுத்தம் செய்யும்போது, ஊசி போடும்போது எப்படி இருக்கும் என்பனவே அக்கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். மொத்தம் 19 அல்லது அதற்கு மேல் வந்தால் அச்சம் மிக அதிகம் என்று கொள்வர். இதன் தமிழ் வடிவம் சென்னையில் ஆராயப்பெற்று 2012ஆம் ஆண்டில் வெளிவந்துள்ளது. மருத்துவமே அளந்து பார்க்கும் ஒன்றை நாம் மறைத்து வைப்பானேன்?

இரண்டாவதாக, கை உயர்த்தும் அடையாளத்தைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இடது கையை உயர்த்தினால் வைத்தியர் நிறுத்துவார் என்ற உறுதி இருந்தாலே அச்சத்தில் பாதி குறையும். நிறுத்தும் அதிகாரம் தம் கையில் இருக்கிறது என்னும் எண்ணம் துணிவைத் தருகிறது.

மூன்றாவதாக, வலி இல்லாத நாளில் முதன்முறை செல்ல வேண்டும். வாயைக் காட்டிவிட்டு மட்டும் திரும்பலாம். அடுத்த முறை சுத்தம் செய்துகொள்ளலாம். அதன்பின் சொத்தையை அடைக்கலாம். சிறிய செயலிலிருந்து பெரிய செயலுக்குப் படிப்படியாகச் சென்றால் மனம் பழகிவிடும். வண்டிக்குப் புதிதாகப் பழக்கும் காளையை முதல் நாளே பாரம் ஏற்றி ஓட்டும் குடியானவர் எவரேனும் உண்டா?

நான்காவதாக, வெறும் வயிற்றோடு போகக் கூடாது. காலை உணவு உண்டு, உடலுக்கு வழக்கமான மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு செல்ல வேண்டும். பட்டினியும் பயமும் சேர்ந்தால்தான் சிலருக்குத் தலை சுற்றுகிறது. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இருதய நோய் இருந்தால் சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்பவர், அதைத் தாமாக நிறுத்திவிட்டுச் செல்லக் கூடாது. துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லலாம். ஆனால் தாமே பயந்த சுபாவமுள்ளவரைத் துணையாகக் கொள்ள வேண்டாம்.

குழந்தைகள் விஷயத்தில், சொல்லிக் காட்டிச் செய்தல் என்னும் முறையை 1959ஆம் ஆண்டிலேயே ஓர் அமெரிக்கப் பல் வைத்தியர் எடுத்துரைத்தார். செய்யப்போவதைக் குழந்தைக்குப் புரியும் சொல்லால் சொல்வது, கருவியைக் காட்டுவது, பிறகு செய்வது என்பதே அம்முறை. ஆறு வயதளவில் கடைசியில் முளைக்கும் கடைவாய்ப் பல் பால் பல் அன்று. ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய பல். விழுந்து முளைக்கும் பல்தானே என்று பெற்றோர் எண்ணிவிடுவதால், முதலில் சொத்தையாவது பெரும்பாலும் அதுவே. தாயும் தந்தையும் ஷிப்டுக்குச் சென்றுவிடும் வீடுகளில், பாட்டனார் பாட்டியாரே இதைக் கவனித்து வர வேண்டும்.

காலம் தாழ்த்தினால் நேரும் ஆபத்து

பல் வலியால் யாரும் சாவதில்லை என்று கூறுவோர் உண்டு. இது முழு உண்மை அன்று. எமது பகுதியில் விசைத்தறி ஓட்டும் ஒருவர், கீழ்க் கடைவாய்ப் பல்லின் வலியை மாத்திரையாலேயே மாதக்கணக்கில் அடக்கி வந்தார். ஒரு நாள் தாடையின் கீழ் வீக்கம் கண்டது. மறுநாள் கழுத்துவரை பரவியது. எச்சில் விழுங்க முடியவில்லை. அவரைத் தூக்கிச் சென்று சேர்த்து, கழுத்தில் அறுத்துச் சீழை வெளியேற்ற வேண்டியதாயிற்று. பிழைத்துக்கொண்டார் எனினும், அவர் அஞ்சியது ஓர் ஊசிக்கு. அனுபவித்ததோ எத்தனையோ ஊசிகள். ஒரு நாள் கூலியைக் காக்க எண்ணியவர் பல வாரக் கூலியை இழந்தார். கழுத்தில் பரவும் இவ்வீக்கத்தை ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836ஆம் ஆண்டிலேயே விவரித்துள்ளார். அது மூச்சுக் குழலை அடைத்து உயிரையும் பறிக்கவல்லது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து மேலும் அதிகம்.

தாடையின் கீழோ கழுத்திலோ வீக்கம், வாய் திறக்க முடியாமை, விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல், வீக்கத்துடன் காய்ச்சல் ஆகியவற்றுள் எது காணினும் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. 108 வண்டியை அழைக்க வேண்டும். அவ்வாறே வாயில் இரண்டு, மூன்று வாரங்களாக ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணமின்றி ஆடும் பல் ஆகியவை புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம். வெற்றிலையோடு புகையிலை போடுவோர் இதனைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் கண்டால் குணப்படுத்த வாய்ப்பு மிகுதி. பல் வைத்தியரைக் கண்டு ஒளிபவரின் வாயில் இந்நோயும் ஒளிந்து வளர்கிறது.

ஊராட்சியின் கடமை

அச்சம் தனி மனிதரின் மனத்தில் இருப்பது. அதற்கு ஊராட்சி என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். செய்யத் தக்கவை பல உண்டு.

1. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் பல் வைத்தியப் பிரிவு இயங்குகிறது. அருகிலுள்ள எந்த நிலையத்தில், எந்த நாளில், எந்த நேரத்தில் பல் வைத்தியர் இருப்பார் என்பதை விசாரித்து, ஊராட்சி அலுவலகப் பலகையிலும் நியாய விலைக் கடையிலும் எழுதி வைக்க வேண்டும். மேல்சிகிச்சைக்குத் திருப்பூரில் 2022ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கி வைக்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உள்ளது என்பதையும் மக்களுக்கு அறிவிக்க வேண்டும்.

2. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகளுள் ஒன்றிலேனும் பல் வைத்தியரை அழைத்துப் பத்து நிமிடம் பேசச் செய்யலாம். கருவிகளை மக்கள் கையில் கொடுத்துப் பார்க்கச் செய்தாலே பாதி அச்சம் விலகும்.

3. முகாம் நடத்தும்போது பல் பரிசோதனையைக் கூட்டத்தின் நடுவே வைக்கலாகாது. பிறர் பார்க்க வாயைத் திறக்க வெட்கப்படுவோர் பலர். ஒரு திரை கட்டினால் போதும். முதல் முகாமில் பரிசோதனை மட்டுமே. பிடுங்குதல் இல்லை என்று முன்கூட்டியே தண்டோரா போட்டு அறிவிப்பது நன்று.

4. சிகிச்சை பெற்று நலமடைந்தவரைப் பேசச் செய்ய வேண்டும். பயக்கதை வாய்வழியே பரவுவது போல் நற்கதையும் பரவும். மகளிர் சுயஉதவிக் குழுக்களும் கிராம சுகாதாரச் செவிலியரும் இதில் பெருந்துணை புரிய முடியும்.

5. பள்ளிச் சிறுவர் உடல்நலப் பரிசோதனைத் திட்டம் 2013ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் தொடங்கப்பட்டது. பல் நோய்களும் அதில் அடங்கும். பரிசோதனையில் சொத்தை என்று குறிக்கப்பெற்ற குழந்தை பின்னர்ச் சிகிச்சைக்குச் சென்றதா என்று விசாரிப்பவர் யார்? அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பின்தொடர்வது ஊராட்சி உறுப்பினர் எளிதில் செய்யக் கூடிய தொண்டு.

6. ஊரிலுள்ள பனியன் நிறுவனத்தாரிடமும் தறிக்கூட உரிமையாளரிடமும் பேசி, பல் சிகிச்சைக்குச் செல்லும் தொழிலாளிக்கு அரை நாள் அனுமதி தரச் செய்யலாம். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர், அதன் மருந்தகத்தில் பல் சிகிச்சையும் பெற வழியுண்டு என்பதை அறியச் செய்ய வேண்டும். நூல் அறுக்கும் சிறு கத்தரி ஒவ்வொருவர் கையெட்டும் இடத்தில் கட்டித் தொங்கினால், பல்லால் அறுக்கும் பழக்கம் மறையும். வெளிமாநிலத் தொழிலாளர்க்கு, தமிழும் இந்தியும் அறிந்த ஒருவரைத் துணைக்கு அனுப்பலாம்.

சிகிச்சையே தேவைப்படாத நிலைதான் எல்லாவற்றினும் மேல். காலையிலும் இரவு படுக்குமுன்னும் ஃபுளோரைடு கலந்த பற்பசையால் துலக்குதல், செங்கல் தூள், கரித்தூள், சாம்பல் ஆகியவற்றை விடுதல், தேநீரில் சர்க்கரையைக் குறைத்தல், புகையிலையை ஒழித்தல் ஆகியவையே அதற்கு வழி. ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் பயன்படுத்துவோர் ஈறு புண்படாமல் மென்மையாகத் துலக்க வேண்டும்.

பெரியம்மை ஊசிக்கு அஞ்சி ஓடி ஒளிந்த கிராமங்கள் ஒரு காலத்தில் இருந்தன. ஊர்ப் பெரியவர்கள் முன்வந்து தம் கையை முதலில் நீட்டிய இடங்களில் மற்றவர்களும் நீட்டினர். 1977ஆம் ஆண்டில் இந்தியா பெரியம்மை இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது. பல் நாற்காலிக்கும் அத்தகைய முன்மாதிரியே தேவை. அடுத்த முகாமில் ஊராட்சியின் பொறுப்பில் இருப்போர் முதலில் அந்த நாற்காலியில் அமர்ந்து வாயைத் திறந்து காட்டட்டும். ஓரத்தில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நிற்போர் ஒருவர் பின் ஒருவராக வரிசைக்கு வருவார்கள். அதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஒருவரது துணிவு போதும்.